சுருதி சொல்லும் சேதி

களிமண்ணில் அடுப்புப் போடும்போது உமியையும் வைக்கோல் துணுக்குகளையும் சேர்த்துப் பிசைவார்களே, எதற்காக? காய்ந்த பிறகு அடுப்பு வெடிக்காமல் இருப்பதற்காகத்தான். மண் பிளக்கப் பார்க்கும்; வைக்கோல் இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

விஞ்ஞானிகளும் இதே வேலையைத்தான் செய்கிறார்கள், சகோதரிகளே! அவர்களுக்குக் களிமண், எபாக்ஸி என்ற பிசின்; வைக்கோல், கரி அணுக்களாலான நானோ குழாய். பாயைச் சுருட்டினாற்போன்ற இந்தக் குழாயை 1991-ல் ஜப்பானிய விஞ்ஞானி சுமியோ ஈஜிமா உலகுக்கு எடுத்துக் காட்டினார். தலைமயிரின் கனத்தில் பல ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும். ஆனால் இழுத்து நீட்டப் பார்த்தால், எஃகைப்போல் சுமார் ஐந்து மடங்கு முரண்டு பிடிக்கும்!

இருந்தாலும் ஒரு சந்தேகம். பிசினை இழுக்கும்போது அந்தப் பாரம் குழாய்க்குப் போய்ச் சேருகிறதா? வீட்டில் பலசாலி இருந்து என்ன பயன், அண்டாவைத் தூக்கும் சமயத்தில் அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தால்?

கண்ணுக்கே தெரியாத குழாயிடம் யார் போய்க் கேட்பது? ஒளிதான் கேட்கிறது. திருச்சியில் பிறந்த ஸர் ஸி. வி. ராமன் 1928-ல் கல்கத்தாவில் கண்டுபிடித்த வித்தை இது. ஒரே நிறமுள்ள ஒளியைப் பாய்ச்சினால், சிதறி வருவதில் மிகச் சொற்பமான பகுதி நிறம் மாறி வரும். எவ்வளவு மாறியது என்று அளந்தால், உள்ளே அணுக்கள் எந்தச் சுருதியில் அதிர்கின்றன என்று தெரிந்துவிடும்.

வீணைத் தந்தியை முறுக்கினால் சுருதி ஏறும் அல்லவா? கரிக் குழாயிலோ நேர் விரோதம்! இழுத்தால் அணுக்களின் பிணைப்புத் தளர்ந்து சுருதி இறங்குகிறது, அமுக்கினால் ஏறுகிறது. சுருதி மாறினால் குழாய் பாரம் சுமக்கிறது. மாறாவிட்டால் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது!

1998-ல் அமெரிக்காவில் லிண்டா ஷாட்லர் என்ற பெண் விஞ்ஞானியும் சகாக்களும் இப்படிச் சோதித்தார்கள். ஒன்றுக்குள் ஒன்றாகப் பல அடுக்குள்ள குழாய்களை எபாக்ஸியில் கலந்து அமுக்கியபோது சுருதி நன்றாக ஏறியது. இழுத்தபோதோ அநேகமாக அசையவே இல்லை! வெளி அடுக்கு மட்டும் பாரத்தைத் தாங்க, உள் அடுக்குகள் நழுவிக்கொண்டன என்று அவர்கள் முடிவுகட்டினார்கள்.

இப்போது ஒற்றை அடுக்குக் குழாய்களையும் உபயோகிக்கிறார்கள். பிசினைப் பற்றிக்கொள்ளக் குழாயின் மேற்புறத்தில் ரசாயனக் கொக்கிகளையும் வைக்கிறார்கள். கொக்கி பிடித்ததா என்று சொல்வதும் ராமன் ஒளிதான். கொக்கிகள் அளவுக்கு மிஞ்சினால் குழாயே பழுதாகிவிடும். அதையும் அந்த ஒளியே காட்டிக் கொடுத்துவிடும். சமையலில் உப்பைப்போலத்தான், இல்லாமலும் முடியாது, கூடினாலும் ஆகாது!