‘டெனபிள்’ என்றால் ‘சரி’ என்று பொருளா?

ஆய்வேட்டின் ஓரத்தில் நெறியாளர் ‘நாட் டெனபிள்’ என்று எழுதினால், ஆய்வாளர் பலர் அதைத் ‘தவறு’ என்றே படிக்கின்றனர். தேர்வாளர் ‘டெனபிள்’ என்று எழுதினாலோ, கருத்து மெய்ப்பிக்கப்பட்டுவிட்டதாக மகிழ்கின்றனர். இரண்டும் பிழையான வாசிப்புகள்.

‘பிடித்தல்’ என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் அது. எதிரி தாக்கும்போதும் கைவிடாமல் காக்கத்தக்க இடத்தையும் குறிக்கும். எனவேதான் அது ‘பொசிஷன்’, ‘ஆர்கியுமெண்ட்’, ‘தியரி’ போன்ற சொற்களோடு இயல்பாக இணைகிறது. ‘ஃபேக்ட்’ என்பதோடு பொருந்துவதில்லை. உண்மைத் தகவலுக்குக் காவல் எதற்கு? உதவித்தொகை அறிவிப்புகளில் வரும் ‘டெனபிள் ஃபார் த்ரீ இயர்ஸ்’ என்பதிலும் அதே வேர்ப்பொருள்தான்: மூன்றாண்டு கையில் வைத்திருக்கலாம், அவ்வளவே.

‘நோ லாங்கர் டெனபிள்’ என்னும் தொடர் இன்னும் நுட்பமானது. நேற்றுவரை காக்க முடிந்தது, இன்று முடியவில்லை என்று காலத்தையும் அது சேர்த்துச் சொல்கிறது. ஆல்ஃபிரட் வெகெனர் 1912இல் கண்டப்பெயர்ச்சிக் கருத்தை முன்வைத்தபோது, கண்டங்களை நகர்த்தும் விசை எது என்பதற்கு ஏற்ற விடை அவரிடம் இல்லை. நிலவியலாளர் பலர் அதை மறுத்தனர். கடற்தரை விரிவுக்கான சான்றுகள் 1960களில் திரண்ட பின்னரே நிலை மாறியது. கண்டங்களோ அதற்கிடையிலும் நகர்ந்துகொண்டுதான் இருந்தன.

தமிழில் இச்சொல்லை ‘ஏற்கத்தக்க’ என்று பெயர்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஏற்பது கேட்பவரின் விருப்பம். இங்கு பேசப்படுவதோ வாதத்தின் வலிமை. ‘இந்த வாதம் நிற்காது’ என்று வழக்குமன்றத்திலும் திண்ணையிலும் ஒருங்கே சொல்கிறோம். ஆங்கிலம் பிடிக்கிறது, தமிழ் நிற்கிறது. ‘நிலைக்கத்தக்க’ என்பதே பொருத்தம்.

பெருங்கேடு விளைவது புள்ளியியல் பயன்படும் ஆய்வேடுகளில்தான். சோதனை முடிவு குறித்த எல்லையைத் தாண்டாதபோது, இன்மைக் கருதுகோள் ‘டெனபிள்’ என்று பகுப்பாய்வு இயலில் எழுதப்படுகிறது. அதை மறுக்கப் போதிய சான்று இல்லை என்பது மட்டுமே அதன் பொருள். முடிவுரைக்கு வரும்போது அதுவே ‘ஆண், பெண் மாணவரிடையே வேறுபாடு இல்லை’ என்னும் உறுதிமொழியாகிவிடுகிறது. கல்விக்கான பரிந்துரைகளும் அதன்மேல் எழுப்பப்படுகின்றன. அறுபது மாணவரிடம் தென்படாத வேறுபாடு அறுநூறு மாணவரிடம் தென்படக்கூடும்.