பம்மல் தந்த நடிகர்

1895-ம் வருஷத்தில் ஆங்கில நடிகர் ஹென்றி இர்விங்குக்கு விக்டோரியா ராணி ‘ஸர்’ பட்டம் அளித்தார். அதற்கு முன் எந்த நடிகரும் அப்பட்டத்தைப் பெற்றதில்லை. ஷேக்ஸ்பியரின் பாத்திரங்களைத் தாங்கி நடித்தே அவர் அப்புகழை எய்தினார். அதே காலத்தில் நமது சென்னையில் 22 வயது வாலிபர் ஒருவரும் அரிதாரம் பூசி மேடை ஏறிக்கொண்டிருந்தார். ஆனால் மேடை ஏறுபவனுக்கு நம்மவர் அன்று வைத்திருந்த பட்டம் ‘கூத்தாடி’ என்பதே.

அவ்வாலிபரே பம்மல் சம்பந்த முதலியார். 1873-ல் அவர் பிறந்தது சென்னையிலாயினும், அவர் பெயரோடு ஒட்டி நிற்கும் பம்மல் நமது செங்கற்பட்டுச் சீமையைச் சேர்ந்தது. இளமையில் தமிழ் நாடகத்தை இகழ்ந்தவர் அவர். 1891-ல் பல்லாரிக் கிருஷ்ணமாச்சாரியாரின் சபையார் சென்னைக்கு வந்து தெலுங்கில் நடித்ததைக் கண்டதும் அவர் மனம் மாறிற்று. கற்றறிந்த வக்கீல்கள் மேடையேறலாமெனில் தமிழர் ஏன் ஏறலாகாது? அவ்வாண்டிலேயே நண்பர் சிலருடன் சுகுண விலாச சபையை நிறுவினார். விடிய விடியப் பாட்டாகவே நடந்துவந்த நாடகம், சில மணி நேரத்தில் முடியும் உரைநடை நாடகமாயிற்று. அவர் வக்கீலானார், பின்னர் நீதிபதியுமானார்.

ஆங்கிலேயரிடம் அவர் கற்றதைத் தமிழாக்கிய விதமே நாம் கவனிக்கத்தக்கது. ஹாம்லெட் அமலாதித்யனாகவும், மாக்பெத் மகபதியாகவும், சிம்பலின் சிம்ஹளநாதனாகவும் உருமாறினர். ஒபீலியா என்னும் பேதைப் பெண்ணுக்கு அவர் இட்ட பெயர் ‘அபலை’! ஓசையும் பொருளும் ஒருங்கே அமைந்த இப்பெயரைக் கண்டு வியவாதிருக்க முடியுமா? அமலாதித்யனாக அவரும், அபலையாக ரங்கவடிவேலு முதலியாரும் நடித்தனர். யாழ்ப்பாணத்துக் கலையரசு சொர்ணலிங்கம் அவரையே தம் குருவாகக் கொண்டார்.

அந்நியன் நாடகம் நமக்கெதற்கு என்று கேட்கும் தேசபக்தர்களும் உண்டு. அந்நியனைப் போல் உடுத்து, அவன் பாஷையிலேயே வசனத்தை ஒப்பிப்பதை அடிமைத்தனம் என்றால் நாம் மறுக்கமாட்டோம். பிறன் தோட்டத்து விதையை நம் மண்ணில் ஊன்றி வளர்ப்பது அவ்வகையைச் சேர்ந்ததன்று. உண்மையில் வெட்கப்படவேண்டியது வேறொன்று. நம் கல்லூரி மாணவர் ஹாம்லெட்டை நன்கறிவர். அமலாதித்யனைக் கேள்விப்பட்டவர் எத்தனை பேர்?

முதலியார் அவர்களிடமும் ஒரு குறை கூறவேண்டும். அவர் இளமையில் இகழ்ந்த தெருக்கூத்தும் தேர்ந்த பயிற்சியுடைய கலையே. இச்சீமையின் திரௌபதியம்மன் திருவிழாக்களில் அர்ச்சுனன் வேடம் பூண்டவர் உயர்ந்த கம்பத்தின்மீது பாடிக்கொண்டே ஏறித் தபசு செய்வதைக் கண்டோர், அவருடைய உழைப்பை எளிதென்று சொல்லார். மாமல்லபுரத்துப் பெரும்பாறையிலும் அத்தபசே செதுக்கப்பட்டிருப்பதாக ஜனங்கள் நம்புகின்றனர். பகீரதன் தபசு என்பாரும் உண்டு. மாமல்லனின் தந்தை மகேந்திரவர்மனோ ‘மத்தவிலாசம்’ என்னும் பிரகசனத்தையே இயற்றியவன். நாடகத்துக்கு இக்கடற்கரை புதிதன்று.

ஆண்டுதோறும் குளிர்காலத்தில் மாமல்லபுரத்தில் ஸர்க்கார் நாட்டிய விழா நடத்துகின்றனர். வெளிநாட்டாரும் திரளாக வந்து காண்கின்றனர். நாட்டியத்தை நாம் குறை கூறவில்லை. அவ்விழாவில் ஓரிரவு அமலாதித்யனுக்கு அளித்தால் என்ன? ஹாம்லெட் தமிழ் பேசி நிற்பதை ஆங்கிலேயரும் வந்து பார்க்கட்டும். மறுநாள் இரவு செங்கற்பட்டுக் கிராமத்துக் கூத்தர்களின் அர்ச்சுனன் தபசு அப்பாறையின் முன்னரே நடக்கட்டும். முதலியாருக்கு 1959-ல், அவரது 86-ம் வயதில், இந்திய ஸர்க்கார் பத்மபூஷண் விருது வழங்கினர். 1964-ல் அவர் காலமானார். பட்டத்தால் மட்டும் நாடகம் உயிர்வாழாது, நடித்தாலன்றோ வாழும்? வரும் மார்கழிக்குள் சுற்றுலா இலாகா அதிகாரிகள் இதைப் பரிசீலிக்க வேண்டுமென்று கோருகிறோம். பம்மல், பல்லாவரம், செங்கற்பட்டு வாசிகளும் இதற்கெனக் கூட்டம் கூடி அவர்களுக்கு எழுதுவார்களாக.