குருவியைக் கொன்றது யார்?

எந்திர மனிதன் சிட்டி திரும்பி வந்தான்!

2010-ல் வந்த "எந்திரன்" படத்தின் முடிவில், கோர்ட்டு உத்தரவுப்படி தன் உடலைத் தானே கழற்றிப் போட்டவன் அவன். 2018 நவம்பர் 29-ந் தேதி வெளியான "2.0" படத்தில் மீண்டும் உயிர் பெற்றான்.

ஊரில் உள்ள செல்போன்கள் எல்லாம் 'விர்' என்று பறக்கின்றன. ஒன்றுசேர்ந்து ராட்சதப் பறவை ஆகின்றன! குழந்தைகள் வாய் பிளக்கும் காட்சி. ஆனால், கடைசிச் சண்டை ரொம்ப நீளம்.

ரஜினிகாந்த் இரண்டு வேடம் போட்டும், மனதில் நிற்பவர் பட்சிராஜன்தான். அக்ஷய்குமார் நடித்த வேடம். பறவை நிபுணர் சலீம் அலியை நினைவூட்டும் கிழவர். "செல்போன் கோபுரத்தின் கதிர்வீச்சால் குருவிகள் சாகின்றன" என்று கெஞ்சுகிறார். கேட்பார் இல்லை. அந்தக் கோபுரத்திலேயே உயிரை விடுகிறார்.

கதை உருக்குகிறது. காரணம்தான் சரியில்லை!

கோபுரம்தான் கொலையாளி என்பதற்குத் தக்க ஆதாரம் இல்லை. சிட்டுக்குருவி பெரிய நகரங்களில்தான் குறைந்தது; நாடு முழுவதும் பார்த்தால் அவ்வளவாகக் குறையவில்லை என்றது, 2020-ல் வந்த இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை. செல்போன் கிராமத்திலும்தானே இருக்கிறது?

நிபுணர்கள் சொல்லும் காரணம் வேறு. அதைத் தஞ்சை விவசாயியிடம் சொன்னால் உடனே விளங்கும். வளர்ந்த குருவி நெல் தின்னும். குஞ்சுக்கோ புழு, பூச்சி வேண்டும். வயல் முழுவதும் மருந்து அடித்தால் பூச்சி ஏது? ஓட்டு வீட்டுச் சந்தில் கூடு கட்டிய குருவிக்கு, மாடி வீட்டில் இடம் ஏது? முன்பெல்லாம் அறுவடையானதும் வாசலில் நெற்கதிர்க் கொத்தைக் கட்டித் தொங்க விடுவார்கள். குருவிக்கென்றே!

பட்சிராஜன் தஞ்சாவூருக்கு வந்திருந்தால், யார் கையிலிருந்தும் செல்போனைப் பிடுங்கியிருக்க மாட்டார். மருந்தடிக்கும் ஸ்பிரேயரைத்தான் பிடுங்கியிருப்பார்!