இரண்டில் எது?

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்)



சென்ற கல்வியாண்டில் நம் கல்லூரி வேப்பமரத்தடியில் ஒரு பட்டிமன்றம் நடந்தது. நடுவர் இல்லை, மேடை இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. ஆயினும் மதிய உணவு வேளையில் நாள் தவறாமல் நடந்தது. தலைப்பு, கண்ணகியா மாதவியா என்பதன்று. வாங்கத் தக்கது ஐபோன் 16-ஆ, ஐபோன் 16 புரோவா என்பதே! வாதிட்டவர்களில் ஒருவரிடங்கூட அவ்விரண்டில் ஒன்றும் இருந்ததில்லை என்பது தனிச்செய்தி. அந்த மன்றத்தில் புரோ அணியின் முன்னணிப் பேச்சாளனாக விளங்கியவன் இக்கட்டுரையாளனே. இன்று நான் அணி மாறிவிட்டேன். ஏன் மாறினேன் என்பதை உங்கள்முன் எடுத்துரைப்பது என் கடமை எனக் கருதுகிறேன்.

முதலில் வழக்கின் விவரத்தைப் பார்ப்போம். ஆப்பிள் நிறுவனம் இவ்விரு கைப்பேசிகளையும் 2024 செப்டம்பரில் அறிமுகப்படுத்தியது. 128 ஜிகாபைட் கொள்ளளவுள்ள ஐபோன் 16-இன் இந்திய விலை அப்போது 79,900 ரூபாய். அதே கொள்ளளவுள்ள 16 புரோவின் விலை அப்போது 1,19,900 ரூபாய். ஒரு வயிற்றில் பிறந்த இரு பிள்ளைகளுக்கு இடையே 40,000 ரூபாய் வேறுபாடு!

இந்த வேறுபாட்டுக்கு நாம் பெறுவது என்ன? பொதுவகையின் திரை 6.1 அங்குலம், புரோவின் திரை 6.3 அங்குலம். பொதுவகையின் திரை நொடிக்கு 60 முறை தன்னைப் புதுப்பித்துக் கொள்கிறது. புரோவின் திரை 120 முறை வரை புதுப்பித்துக் கொள்கிறது. ஆகவே விரலால் தள்ளும்போது எழுத்துகள் வழுக்கிக்கொண்டு ஓடும். பொதுவகையின் பின்புறம் இரண்டு ஒளிப்படக் கண்கள், புரோவில் மூன்று. அந்த மூன்றாவது கண், தொலைவிலுள்ள பொருளை ஐந்து மடங்கு அருகில் கொண்டுவந்து காட்டும். முன்னதன் சட்டம் அலுமினியம்; பின்னதன் சட்டம் டைட்டானியம். கம்பிவழியே கோப்புகளை மாற்றும் வேகம் முன்னதில் நொடிக்கு 480 மெகாபிட். பின்னதில் 10 ஜிகாபிட் வரை. ஒற்றுமைகளும் உண்டு. நினைவகம் இரண்டிலும் 8 ஜிகாபைட். இயங்குதளம் ஒன்றே. நீரும் தூசியும் புகாத தரம் இரண்டுக்கும் ஒன்றே.

இவற்றையெல்லாம் நான் மனப்பாடமாக ஒப்பிப்பேன். பாடநூலை இவ்வளவு ஊன்றிப் படித்திருந்தால் பல்கலைக்கழகத் தரவரிசையில் இடம்பெற்றிருப்பேன் என்று என் தோழன் ஒருவன் சொன்னது பொய்யன்று.

இனி, அணி மாறிய கதைக்கு வருகிறேன். எனக்கு ஓர் அக்கா இருக்கிறாள். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றும், வீட்டு நிலையை எண்ணிக் கல்லூரிக்குச் செல்லாமல், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் மின்னணு உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தவள். என் கல்லூரிக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அவள் ஊதியத்திலிருந்தே வருகின்றன. இரண்டாம் ஆண்டுத் தேர்வில் முதல் வகுப்பு எடுத்தால் நல்ல கைப்பேசி ஒன்று வாங்கித் தருவதாக அவள் சொல்லியிருந்தாள். 2025 பொங்கல் விடுமுறையில் அவள் ஊருக்கு வந்தபோது, புரோவின் பெருமைகளை ஒன்றுவிடாமல் எடுத்துரைத்தேன். திண்ணையில் அமர்ந்து கரும்பைக் கடித்தபடியே முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்:

"எல்லாஞ் சரிடா தம்பி. கூடக் குடுக்குற அந்த நாப்பதாயிரம் உனக்கு என்ன செய்யும்?"

கைப்பேசி என்ன செய்யும் என்று அவள் கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். அந்த நாற்பதாயிரம் எனக்கு என்ன செய்யும் என்று கேட்டதும் வாயடைத்துப் போனேன். மரத்தடியில் மாதக்கணக்கில் வாதிட்ட எங்களில் ஒருவனும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. 'எது சிறந்தது?' என்றே கேட்டுக்கொண்டிருந்தோம். அதற்கு விடை எளிது. விலை கூடியதே சிறந்தது என்பதைக் கடைக்காரரே சொல்லிவிடுவார். 'கூடுதலாகக் கொடுப்பதற்குக் கூடுதலாக எனக்குக் கிடைப்பது என்ன?' என்பதன்றோ கேட்க வேண்டிய வினா! பொருளியல் மாணவனாகிய எனக்கு இது தெரியாததன்று. முதலாம் ஆண்டிலேயே இறுதிநிலைப் பயன்பாடு என்று படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறேன். பாடத்தைத் தேர்வுத்தாளோடு விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்பதுதான் உண்மை.

அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கைப்பேசியை மூன்றாண்டு பயன்படுத்துவதாகக் கொண்டால், 40,000 ரூபாயை 1,095 நாட்களுக்குப் பங்கிட வேண்டும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 36 ரூபாய் 50 காசு. இரண்டு தேநீருக்கும் ஒரு வடைக்கும் ஆகும் தொகை. எழுத்துகள் வழுக்கி ஓடுவதைப் பார்ப்பதற்காக, நாள்தோறும், மூன்றாண்டுக் காலம், அக்காவின் ஊதியத்திலிருந்து அந்தத் தொகையை எடுக்க எனக்கு மனம் வருமா? ஐந்து மடங்கு அருகில் கொண்டுவந்து பார்க்க வேண்டிய பொருள் என் வாழ்க்கையில் எது? வகுப்பறையில் கடைசி இருக்கையிலிருந்து கரும்பலகையைப் பார்க்க மட்டும் அது உதவலாம். அதற்கு முன் இருக்கைக்குப் போய்விட்டால் செலவே இல்லை!

இதற்கு மேலும் ஒன்று உண்டு. பேதங்காட்டும் முற்றுரிமையைப் பற்றிப் பாடம் நடத்தியபோது எங்கள் பேராசிரியர் ஓர் அருமையான செய்தியைக் கூறினார். ஜூல் டுப்புயி என்னும் பிரெஞ்சுப் பொறியாளர் 1849-இல் இரயில் கட்டணங்களைப் பற்றி எழுதினார். அக்காலத்தில் மூன்றாம் வகுப்புப் பெட்டிகள் சிலவற்றுக்குக் கூரை கிடையாது. கூரை போடப் பணமில்லாததாலோ ஏழைகள்மீது கொண்ட வெறுப்பினாலோ அன்று. இரண்டாம் வகுப்புக்குப் பணம் கொடுக்கக் கூடியவர் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக் கூடாது என்பதற்காகவே அவ்வாறு விட்டுவைத்தார்கள் என்று அவர் விளக்கினார். நனைபவன் ஏழை, ஆனால் அச்சுறுத்தப்படுபவன் பணமுள்ளவன்!

நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் பெட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நொடிக்கு 120 முறை புதுப்பிக்கும் திரையை ஆப்பிள் நிறுவனம் 2021-இல் ஐபோன் 13 புரோவிலேயே கொடுத்துவிட்டது. 2024 வரை பொதுவகைக்கு அதைக் கொடுக்கவில்லை. கொடுக்க முடியாத விலையுயர்ந்த பொருளா அது? 20,000 ரூபாய்க்குக் குறைவான பிற நிறுவனக் கைப்பேசிகளிலேயே அத்தகைய திரைகள் அப்போது வந்துவிட்டன. ஆகவே, பொதுவகையின் அந்தத் திரை கூரையில்லாப் பெட்டியே என்பது என் துணிபு. 'இது போதாது, மேலே ஏறு' என்று நம்மை விரட்டுவதற்காக விடப்பட்ட குறை அது. வாணிகம் செய்வோர் இவ்வாறு செய்வதைக் குற்றமென்று நான் கூறவில்லை. அது அவர்கள் தொழில். ஆனால் அந்தக் குறையைக் கண்டு அஞ்சி ஓடுவது நம் தொழிலன்று.

இவ்வெண்ணம் சரியா தவறா என்பதை 2025 செப்டம்பர் காட்டிக் கொடுத்தது. அப்போது வந்த ஐபோன் 17 என்னும் பொதுவகையில், அந்த 120 முறைத் திரை வந்துவிட்டது. அளவும் 6.3 அங்குலமாகிவிட்டது. கொள்ளளவு 256 ஜிகாபைட்டாகத் தொடங்கியது. அறிமுக விலை 82,900 ரூபாய். ஆம், கூரை போட்டுவிட்டார்கள்! அதே நேரத்தில் 17 புரோவில் டைட்டானியம் போய், அலுமினியச் சட்டம் வந்துவிட்டது. எந்த உலோகத்தின் பெருமையை நான் மரத்தடியில் முழங்கினேனோ, அந்த உலோகத்தைப் புரோவே கைவிட்டுவிட்டது. முந்தைய ஆண்டில் 40,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்கிய பெருமைகளில் இரண்டு, ஓராண்டிற்குள் பெருமைகளாக இல்லாமற் போயின. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: 17 புரோவின் அறிமுக விலை 1,34,900 ரூபாய். ஒரு கூரை போடப்பட்டதும் இடைவெளி குறையவில்லை. 52,000 ரூபாயாக விரிந்தது.

அப்படியானால் புரோவை வாங்குவோரெல்லாம் அறிவிலிகளா? அவ்வாறு சொல்வது நேர்மையாகாது. என் மாமா மகன் ஒருவர் திருமணம், காதணி விழா முதலியவற்றுக்கு ஒளிப்படமும் காணொளியும் எடுப்பவர். மண்டபத்தின் கடைசியில் நின்றுகொண்டு மணமேடையில் தாலி கட்டும் கையை அவர் படம் பிடிக்க வேண்டும். அவருக்கு அந்த மூன்றாவது கண் பொம்மையன்று; கருவி. எடுத்த பெருங்கோப்புகளை இரவோடிரவாகக் கணிப்பொறிக்கு மாற்ற வேண்டிய அவருக்கு, 480 மெகாபிட்டுக்கும் 10 ஜிகாபிட்டுக்கும் உள்ள வேறுபாடு இரவுத் தூக்கத்தின் வேறுபாடு. அவர் கொடுக்கும் 40,000 ரூபாய் நுகர்வன்று, முதலீடு. கொத்தனாருக்கு நல்ல கரண்டி எப்படியோ, அவருக்குப் புரோ அப்படி. அவர் தயங்காமல் புரோவையே வாங்கட்டும்.

விற்கும்போது புரோவுக்குக் கூடுதல் விலை கிடைக்குமே என்று நண்பர்கள் கேட்பர். கிடைக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் கூடுதலாகக் கொடுத்ததெல்லாம் கூடுதலாகத் திரும்பி வருவதில்லை. இன்னொரு காரணமும் உண்டு. அதை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. பின்புறத்தில் மூன்று கண்கள் இருப்பதை எதிரில் இருப்பவர் எண்ணிப் பார்த்துக்கொள்வார் அல்லவா? பொருளைப் பயனுக்காக மட்டுமன்றிப் பிறர் காண்பதற்காகவும் மாந்தர் வாங்குகின்றனர் என்று தார்ஸ்டீன் வெப்ளன் 1899-இலேயே எழுதிவிட்டார். என் உள்ளத்தைத் தொட்டுச் சொல்கிறேன்: நான் புரோ அணியில் நின்றதற்குத் திரையும் காரணமன்று, டைட்டானியமும் காரணமன்று. மூன்று கண்களே காரணம். நகரத்திலிருந்து வரும் மாணவர்கள்முன் கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவ்வளவுதான்.

இக்கைப்பேசிகளுக்கும் நம் நாட்டுக்கும் உள்ள உறவு வாங்குவதோடு முடிவதில்லை. ஸ்ரீபெரும்புதூரிலுள்ள பாக்ஸ்கான் தொழிற்சாலையில் ஐபோன்கள் ஒன்றுசேர்க்கப்படுகின்றன. 2024 முதல் புரோ வகையும் இந்தியாவில் உருவாகிறது. நம் மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து சென்ற பெண்கள் பலர் அப்பணியில் உள்ளனர். என் அக்கா வேலை செய்வது வேறு இடமாயினும், "வரிசையில நிக்கிறவளுக்கு ரெண்டும் அதே எட்டு மணி நேரந்தான்டா" என்று அவள் சொன்னதை நான் மறக்கவில்லை. விலைப்பட்டியலில் தெரியும் ஏற்றத்தாழ்வு, செய்யும் விரல்களுக்குத் தெரிவதில்லை.

முடிவு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். முதல் வகுப்புப் பெற்றேன். அக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றியே தீருவேன் என்றாள். 17 வந்தபின் ஐபோன் 16-இன் விலை 69,900 ரூபாயாகக் குறைந்தது. அதைத் தவணையில் வாங்கினோம். கூரையில்லாப் பெட்டிதான், ஆயினும் இதுவரை நான் நனையவில்லை. எங்கள் வீட்டுக்கு இதுவே மிகை என்பாரும் உண்டு; அவர்களை மறுத்துரைக்க என்னிடம் சொல் இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை விதித்தேன். நான் முதலில் கேட்ட புரோவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு சரியாக 50,000 ரூபாய். அதிலிருந்து அவள் அஞ்சல்வழிப் பட்டப்படிப்பில் சேர வேண்டும் என்றேன். மூன்றாண்டுக் கட்டணமும் அத்தொகைக்குள் அடங்கிவிடும். முதலில் சிரித்தாள், பிறகு விண்ணப்பித்தாள். வரலாறு எடுத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் கைப்பேசிக்கு அவளிடமிருந்து பாட ஐயங்கள் வருகின்றன. அவற்றைப் படிக்க நொடிக்கு 60 முறை தாராளமாகப் போதும்.

நண்பர்களே! ஒரே நிறுவனம் இரண்டு பொருள்களை நம்முன் வைத்து 'எது வேண்டும்?' என்று கேட்கும்போது, இடைவெளியை வரைந்தவர்கள் அவர்கள் என்பதை மறவாதீர்கள். அதை அளக்கும் கோல் மட்டும் நம்முடையதாக இருக்கட்டும். கூடுதல் தொகை எனக்கு எதைச் செய்து தரும்? அதே தொகை என் வீட்டில் வேறு எதைச் செய்யும்? அது யாருடைய உழைப்பு? இம்மூன்று வினாக்களுக்கும் விடை கூறிய பின்னும் ஒருவர் புரோவையே வாங்குவாரானால், அவருக்கு என் வாழ்த்துகள். விடை கூற இயலாதவர்கள் மரத்தடிக்கு வாருங்கள். மறுபக்க அணியில் இடம் இருக்கிறது.