பொதுத் தொகுதி யாருக்குப் பொது?

"ரிசர்வ் போக மிச்சமெல்லாம் நம்ம தொகுதி." விசாகப்பட்டினம் வந்து செட்டில் ஆனபிறகும் நம்மாட்கள் இப்படிப் பேசும்போது பற்றிக்கொண்டு வருகிறது. பக்கத்துப் பார்வதிபுரம் கதை தெரியுமா மக்களே?

1952, 1957 தேர்தல்களில் சில தொகுதிகளுக்கு இரண்டு எம்.பி. வாக்காளருக்கும் இரண்டு ஓட்டு. இரண்டையும் ஒருவருக்கே குத்த முடியாது. பார்வதிபுரத்தில் ஒரு சீட் பழங்குடியினருக்கு. அவர்களில் முதலாவதாக வந்தவருக்கு அது போய்விடும். மற்றது பொது: மீதிப் பேரில் யார் அதிக ஓட்டோ அவருக்கு.

1957-ல் இரண்டையுமே பழங்குடியினர் ஜெயித்தார்கள். 565 ஓட்டில் தோற்றவர் வி.வி.கிரி, முன்னாள் மத்திய அமைச்சர் (1969-ல் ஜனாதிபதியானாரே, அவரேதான்). கேஸ் போட்டார். 1959-ல் சுப்ரீம் கோர்ட் தள்ளிவிட்டது. பொது என்றால் எல்லோருக்கும் பொதுதானே!

1961-ல் இரட்டைத் தொகுதிகளையே சட்டம் போட்டு ஒழித்தார்கள். தொகுதி ரொம்பப் பெரிசு, செலவு ஜாஸ்தி என்றார்கள். சரி, இருக்கட்டும். ஆனால் ரிசர்வ் சீட்டுக்கு நின்றவரே பொது சீட்டையும் பிடிக்கும் வழி அதோடு அடைபட்டது. இன்றும் பொதுத் தொகுதியில் தலித்தோ பழங்குடியோ நிற்கத் தடையில்லை. பெரிய கட்சிகள் சீட் கொடுப்பதுதான் அபூர்வம். 2024-ல் ஃபைசாபாத் பொதுத் தொகுதியில் அவதேஷ் பிரசாத் என்ற தலித் ஜெயித்தது நாடு முழுக்கச் செய்தி. அது ஏன் செய்தியாக வேண்டும், சொல்லுங்கள்?