தலையில் இருக்கு, கைக்கு வரல

மைசூரு முக்தகங்கோத்ரியில் தேர்வு நாளன்று நின்று பாருங்கள். இளைஞர்களுக்கு நடுவே நரைத்த தலைகளும் ஹால் டிக்கெட்டோடு வரிசையில் நிற்கும். 1969-இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் தொடங்கிய அஞ்சல்வழிக் கல்விப் பிரிவு, 1996-இல் கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமாகத் தனியே வளர்ந்த இடம் இது.

பள்ளியைப் பாதியில் விட்டவர்களுக்கும் ஒரு காலத்தில் வழி திறந்தது. பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப்படிப்பு இல்லாவிட்டாலும், 21 வயது நிரம்பியவர் நுழைவுத்தேர்வில் தேறினால் தொலைநிலையில் பட்டம் படிக்கலாம் என்றது பல்கலைக்கழக மானியக் குழுவின் 1985 விதி. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் (இக்னோ) பட்டப்படிப்புக்கு முன்னதாக நடத்திய ஆயத்தப் படிப்புக்கு 18 வயதே போதுமானதாக இருந்தது. ஆறு மாதம், சமூக அறிவியல், வணிகவியல், பொதுக் கணிதம் மூன்றில் இரண்டு பாடம்.

அந்தப் படிப்பின் தேர்வு முழுக்கச் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகையாக இருந்தது. எனக்கு மனத்தாங்கல் இங்கேதான். பட்டப்படிப்பில் சேர்ந்ததும் அசைன்மென்ட் வருகிறது; பக்கம் பக்கமாக எழுத வேண்டும். வட்டத்தைக் கறுப்பாக்கி உள்ளே வந்தவருக்கு அந்தப் பழக்கத்தை யார் கொடுத்தது?

எங்கள் தெருவில் ஊதுபத்தி உருட்டும் ஒரு பெண்மணி, ஒன்பதாம் வகுப்போடு நின்றவர். நாற்பதைத் தாண்டி, இப்படி ஓர் ஆயத்தப் படிப்பை முடித்துப் பி.ஏ. சேர்ந்தார். கிராமப் பஞ்சாயத்தின் வேலைகள் என்ன என்று கேட்டால் மடமடவென்று சொல்வார். அதையே எழுதச் சொன்னால் இரண்டு வரியில் பேனா நின்றுவிடும். “தலையில எல்லாம் இருக்குக்கா, கைக்குத்தான் வரமாட்டேங்குது” என்றார். விரல் நுனிகளில் ஊதுபத்தி மாவின் கறுப்பு. அந்த விரல்கள் பேனா பிடித்து இருபத்தைந்து வருடமாகிறது. அறிவுக் குறைவென்று இதைச் சொல்பவர்களோடு நான் சண்டைக்கே போவேன்.

ஆயத்தப் படிப்பு பிளஸ் டூவுக்கு ஈடாகாது என்பதையும் சேரும்போதே உடைத்துச் சொல்லியிருக்க வேண்டும். அரசு வேலையை மனதில் வைத்திருப்பவர்கள், தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாவதையும் பிளஸ் டூவையும் முடித்துவிட்டு வருவதே நல்லது. அங்கே உச்ச வயது வரம்பு இல்லை.

எந்த வழியில் வந்தாலும் எழுத்துப் பயிற்சி தேவை. வாரம் ஒரு பக்கம் எழுதச் சொல்லி, படிப்பு மையத்தில் ஓர் ஆசிரியர் பிழை திருத்தித் திருப்பித் தரட்டும். தமிழிலோ கன்னடத்திலோ, அவரவர் தேர்வெழுதும் மொழியில். ஆறு மாதத்தில் இருபத்துச் சொச்சம் பக்கம் ஆகிவிடும்; முதல் அசைன்மென்ட்டைப் பயமில்லாமல் எழுத அது போதும்.