பட்டன் சேர்ப்பவரும் தலைவராகிறவரும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "எந்த சாப்ட்வேரில் வசதிகள் அதிகம்?" என்பதுதான். கேள்வியே தவறு என்பது என் கருத்து.

ஒரு சாப்ட்வேரில் எந்த வசதி வேண்டும், எது வேண்டாம் என்று தீர்மானிக்கும் பொறுப்பு புராடக்ட் மேனேஜருடையது. அவர் புரோகிராம் எழுதுவதில்லை. எழுதுபவர்களுக்கு மேலதிகாரியும் அல்ல. பயன்படுத்துபவரின் சிரமத்தைக் கண்டறிந்து, காரணம் சொல்லி மற்றவர்களைச் சம்மதிக்க வைக்க வேண்டும்.

சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை 2004-ல் கூகுளில் சேர்ந்தது இந்தப் பணியில்தான். காரக்பூர் ஐ.ஐ.டி.யில் அவர் படித்ததோ உலோகவியல்! கூகுளில் தொடக்கத்தில் அவர் கவனித்தது, இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் மேல்பகுதியில் வந்து அமரும் கூகுள் டூல்பார்.

அந்த நாட்களில் இலவச சாப்ட்வேர் ஒன்றை இன்ஸ்டால் செய்தால் கூடவே ஒரு டூல்பாரும் ஒட்டிக்கொள்ளும். என் மானிட்டரில் 4 டூல்பார்கள் போக மிச்ச இடத்தில்தான் இணையதளம் தெரிந்தது. தனித்தனியே பார்த்தால் எல்லாமே வசதிகள். சேர்ந்து வந்தால் தொல்லை.

பிச்சை டூல்பாரோடு நின்றுவிடவில்லை. கூகுளுக்கென்று சொந்த பிரவுசர் வேண்டும் என்று வாதாடினார். அப்போது தலைமை நிர்வாகியாக இருந்த எரிக் ஷ்மிட் முதலில் இதற்கு உடன்படவில்லை. ஆனாலும் 2008 செப்டம்பரில் குரோம் வெளிவந்தது. முகவரி டைப் செய்யவும் தேடவும் அதில் ஒரே பெட்டிதான். ஒரு டேப் முடங்கினாலும் மற்றவை பெரும்பாலும் தப்பித்தன. தேடுவதற்கென்று தனி டூல்பார் தேவையே இல்லாமல் போயிற்று.

இதைத்தான் நான் வளர்ச்சி என்கிறேன். தான் கவனித்து வந்த வசதியையே தேவையற்றதாக்கும் பொருளுக்காக ஒருவர் வாதாடுகிறார். பட்டன் சேர்ப்பவர் தலைவராக மாறுவது இந்த இடத்தில்தான். 2013-ல் ஆண்ட்ராய்டு பிரிவும் அவரிடம் வந்தது. 2015-ல் கூகுளின் தலைமை நிர்வாகியானார்.

உங்கள் பிள்ளைக்கு இத்துறையில் ஆர்வமா? ஒரு பயிற்சி சொல்கிறேன். வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கம்ப்யூட்டரில் கடிதம் டைப் செய்யச் சொல்லுங்கள். பிள்ளை உதவிக்குப் போகாமல் அருகில் அமர்ந்து, அவர் எங்கே தடுமாறுகிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளட்டும். பிறகு எதைச் சேர்க்கலாம் என்பதற்கு முன்னால், எதை நீக்கினால் அந்தச் சிரமம் தீரும் என்று எழுதட்டும்.

நீங்களும் அடுத்த முறை சாப்ட்வேர் தேர்ந்தெடுக்கும்போது இப்படிக் கேளுங்கள்: "இது என் சிரமத்தில் எதைக் குறைக்கிறது?"